கொடைக்கானல் ரோட்டுல ஒரு வசனம்: ‘என்னாலேயல்லாமல் ஒருவனும் வரான்’னா யாருக்கு என்ன அர்த்தம்

வத்தலக்குண்டு தாண்டி காட் ரோடு ஏற ஆரம்பிச்சா பாறையிலயோ பாலத்து சுவத்துலயோ எங்கயாவது ஒரு எடத்துல ‘இயேசுவே வழி’ன்னு பெயின்ட்ல எழுதினது கண்ணுல பட்டுரும். அதப் பாத்து பஸ்ல ஒருத்தர் மனசுக்குள்ள ஆமென் சொல்லிக்குவாரு, பக்கத்து சீட்டுக்காரரு ‘அப்ப நாங்கல்லாம் நரகத்துக்கா’ன்னு கடுப்பாவாரு. எங்க மலையில இது புதுப் பேச்சு இல்ல, ஒரே குடும்பத்துல பெரியப்பா ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), சித்தப்பா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), அத்தை பெந்தெகொஸ்தே, அத்தை மருமகன் வருசா வருசம் பழனிக்கு காவடி எடுக்குறவருன்னு இருக்குறது சகஜம், அதனால துக்க வீட்டுல ராத்திரி உக்காந்திருக்கும்போது கூட இந்த பேச்சு வந்துரும், வந்தா விடியிற வரைக்கும் முடியாது.

முடியாததுக்கு காரணம் ரெண்டு பக்கமும் பிடிவாதம் புடிக்கிறாங்கன்னு மட்டும் இல்ல. ரெண்டு கேள்விய ஒரே கேள்வின்னு நெனச்சு பேசுறாங்க. மனுசன ரட்சிக்கிறது யாருங்குறது ஒரு கேள்வி. அவர் பேரு தெரிஞ்சு, வாயால அறிக்கை பண்ணி, ஞானஸ்நானம் எடுத்தவங்க மட்டும்தான் ரட்சிக்கப்படுவாங்களாங்குறது வேற கேள்வி. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில மயக்கத்துல கெடக்குறவனுக்கு ஊசி போட்டு காப்பாத்துனது ஒரு டாக்டர்தான், வேற யாரும் இல்ல, ஆனா அந்த டாக்டர் பேரு அவனுக்கு தெரிஞ்சிருந்தாதான் மருந்து வேலை செய்யுமா? ‘செய்யும், பேரு தெரியலைன்னாலும்’னு சொல்ற கிறிஸ்தவங்க இருக்காங்க, ‘இல்ல, இந்த வைத்தியத்துல டாக்டர நம்புறதே மருந்து’ன்னு சொல்ற கிறிஸ்தவங்களும் இருக்காங்க. முதல் கேள்விக்கு ரெண்டு பேரும் சொல்ற பதில் ஒண்ணுதான். பிரியிறது ரெண்டாவதுல. இத புரிஞ்சுக்காம ‘கிறிஸ்தவங்க எல்லாரும் இப்படித்தான்’னு சொன்னாலும் தப்பு, ‘எல்லா மதமும் ஒண்ணுதான்னு பைபிளே சொல்லுது’ன்னு சமாதானம் பேசுனாலும் தப்பு.

அந்த ரோட்டுலயே போய் பாத்தா இது தெரியும். கீழ இருந்து வந்தா மொதல்ல பெருமாள்மலை. அங்க போதி ஜென்டோன்னு ஒரு ஜென் தியான மடம் இருக்கு, 1996-ல ஆரம்பிச்சது, ஆரம்பிச்ச அமா சாமி, இயேசு சபைங்குற கத்தோலிக்கத் துறவற சபையோட குருவானவர், ஜப்பான்ல போய் ஜென் கத்துக்கிட்டு வந்தவரு. இன்னும் கொஞ்சம் ஏறுனா செண்பகனூர், அங்க இயேசு சபைக்காரங்க 1895-லயே ஆரம்பிச்ச திரு இருதயக் கல்லூரி. ஊருக்குள்ள வந்தா சலேத் மாதா கோயில், ஆகஸ்ட் திருவிழாவுக்கு தேர் பாக்க வர்றவங்கள்ல பாதிப் பேரு நெத்தியில திருநீறோட இருப்பாங்க. அமெரிக்க மிஷனரிங்க பரம்பரையில வந்த சி.எஸ்.ஐ. சபைங்க, வாடகை கட்டடத்துல மாடியில நடக்குற ஜெப வீடுங்க, எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கூப்பிடு தூரம். இந்தப் பக்கம் குறிஞ்சி ஆண்டவர் கோயில், அத 1936-ல கட்டுனது யாருன்னா சைவத்துக்கு மாறுன ஒரு வெள்ளக்கார அம்மா, லீலாவதி ராமநாதன். அந்தக் கோயில்ல நின்னா பழனி மலை தெரியும். கிறிஸ்துவ சொல்ல கப்பல் ஏறி வந்தவங்க ஊர்லயே ஒரு வெள்ளக்கார அம்மா முருகனுக்கு கோயில் கட்டிட்டு போயிருக்காங்க, இத யாரும் பெருசா பேசுறதில்ல.

சரி, வசனத்துக்கு வருவோம். யோவான் 14:6. ‘நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன், என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்.’ பாறையில எழுதும்போது பாதிதான் எழுதுவாங்க, எடம் பத்தாது. இது எந்த நேரத்துல சொன்னதுன்னு பாத்தா, கடைசி ராப்போஜனம், நாளைக்கு சாகப்போறாரு, சீஷங்க கலங்கிப்போய் உக்காந்திருக்காங்க, தோமா கேக்குறாரு ‘ஆண்டவரே, நீர் போகிற இடத்தை அறியோமே, வழியை நாங்கள் எப்படி அறிவோம்’னு. அதுக்கு பதில் இது. நாலு வசனம் முன்னாடி ‘என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு’ன்னு வரும், நம்ம ஊர்ல அடக்க ஆராதனையில பாஸ்டர் வாசிக்கிறது அதத்தான். அதனால சிலர் என்ன சொல்றாங்கன்னா இது மத விவாதத்துல சொன்ன வார்த்தை இல்ல, பயந்து போனவங்களுக்கு சொன்ன ஆறுதல், இத எடுத்து அடுத்தவன் தலையில அடிக்கக் கூடாதுன்னு. ஞாயமான பேச்சுதான், ஆனா அதோட முடியல. ஏன்னா அப்போஸ்தலர் 4:12 இருக்கு, அங்க பேதுரு நிக்கிறது எருசலேம்ல அதிகாரிங்க முன்னாடி, சப்பாணிய குணமாக்குனதுக்கு விசாரணை, அங்க ‘அவராலேயன்றி வேறொருவராலும் இரட்சிப்பு இல்லை’ன்னு அடிச்சு சொல்றாரு. அது ஆறுதல் வார்த்தை இல்ல, சவால்.

ஆனா அதே பேதுரு, அதே புஸ்தகம், ஆறு அதிகாரம் தள்ளி கொர்நேலியு வீட்டுல என்ன சொல்றாரு? ‘தேவன் பட்சபாதமுள்ளவரல்ல’ன்னு ஆரம்பிச்சு, எந்த ஜனத்துல இருந்தாலும் அவருக்கு பயந்து நீதிய செய்றவன் அவருக்கு உகந்தவன்னு சொல்றாரு. கொர்நேலியு ரோம ராணுவக்காரன், யூதன் இல்ல. ஒரு கூட்டம் இந்த வசனத்த புடிச்சுக்கும். இன்னொரு கூட்டம் உடனே அடுத்த அதிகாரத்த தொறந்து, நீ ரட்சிக்கப்படுறதுக்கான வார்த்தைகள பேதுரு சொல்வாருன்னு தூதன் கொர்நேலியுகிட்ட சொன்னதா 11:14-ல இருக்கே, அப்ப அதுக்கு முன்னாடி அவன் ரட்சிக்கப்படலைன்னுதான அர்த்தம்னு கேக்கும். வசனத்துக்கு வசனம் எடுத்து வச்சா இப்படித்தான் போய்க்கிட்டே இருக்கும்.

வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு ‘ஒரே வழி’ங்குறது வெறும் அகம்பாவமா தெரியிறதுக்கு காரணம், உள்ள இருக்குற கணக்கு தெரியாததுதான். நம்பிக்கை உள்ளவங்க கணக்கு இதுதான்: எல்லாரும் பாவம் செஞ்சிருக்காங்க, ரோமர் 3:23, இதுல பாஸ்டரும் உண்டு பேராயரும் உண்டு. பாவத்துக்கு சம்பளம் மரணம். மனுசன் செய்ற நல்லது எதுவும் அந்தக் கடன அடைக்காது. அதனால தேவன் தானே மனுசனா வந்து சிலுவையில அந்த விலைய குடுத்தாரு. இது உண்மைன்னு ஒருத்தன் நம்பிட்டா, அதுக்கப்புறம் ‘வேற வழியும் இருக்கு’ன்னு சொல்றது அவனுக்கு கஷ்டம், ஏன்னா வேற வழி இருந்திருந்தா சிலுவை எதுக்கு? பவுலே கலாத்தியர் 2:21-ல இந்த வாதத்த வைக்கிறாரு, நீதி நியாயப்பிரமாணத்தால வரும்னா கிறிஸ்து மரிச்சது வீண்னு. கவனிங்க, அவர் அங்க பேசுறது கோயிலுக்கு போறவங்கள பத்தி இல்ல, யூத சட்டத்த, அதாவது தன்னோட சொந்த மதத்த பத்தி. ஆக இது ‘எங்க ஆளு ஒசத்தி, உங்க ஆளு மட்டம்’ங்குற பேச்சா ஆரம்பிக்கல. ‘நாம யாருமே நம்ம யோக்கியதையில அங்க போக முடியாது’ங்குறதுதான் அடி. மேடையில மைக் புடிக்கிற நிறைய பேரு இந்த அடிய விட்டுட்டு நுனிய மட்டும் பேசுறதுதான் பிரச்சனை, அத கேட்டுட்டு வர்ற பையன் ஸ்கூல்ல பக்கத்து பெஞ்சு பையன்கிட்ட போய் ‘உங்க சாமி பேய்’ங்குறான்.

இப்ப அந்த ரெண்டாவது கேள்வி, பேரே கேள்விப்படாதவங்க கதி என்னங்குறது. இது சபைக்கு ரொம்ப நாள் தலைவலி. மூணாம் நூற்றாண்டுல கார்த்தேஜ் பிஷப் சிப்ரியான் ‘திருச்சபைக்கு வெளியில ரட்சிப்பு இல்ல’ன்னு சொன்னாரு, ஆனா அவர் சொன்னது சபைய விட்டு பிரிஞ்சு போன கிறிஸ்தவங்கள பாத்து. போகப்போக அது எல்லாருக்கும்னு ஆயிருச்சு, 1442-ல ஃபுளோரன்ஸ் சங்கத்துல, அதாவது ஆயருங்க கூடுன பெரிய சபைக் கூட்டத்துல, விசுவாசமில்லாதவங்க, யூதங்க, பிரிஞ்சு போனவங்க எல்லாரும் சாகுறதுக்குள்ள சபையில சேரலைன்னா நித்திய அக்கினிதான்னு எழுத்துலயே வந்துருச்சு. அப்ப ஐரோப்பாவுல அவங்களுக்கு ஒரு நெனப்பு, ஏறக்குறைய உலகம் முழுக்க சுவிசேஷம் போயாச்சு, கேக்காதவன் வேணும்னே கேக்காதவன்னு. அம்பது வருசத்துல கொலம்பஸ் போய் இறங்குனாரு, பேரே கேள்விப்படாத ஒரு கண்டமே இருக்குன்னு தெரிஞ்சுது.

1542-ல நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாரு 1549-ல ஜப்பான் போறாரு. அங்க விசுவாசத்துக்கு வந்தவங்க அவர கேட்ட கேள்விய 1552-ல எழுதுன கடிதத்துல அவரே சொல்றாரு: செத்துப்போன எங்க அப்பா அம்மா, தாத்தா பாட்டியெல்லாம் நரகத்துல இருந்தா அவங்கள வெளிய கொண்டு வர ஏதாவது வழி இருக்கா? இல்லைன்னு இவரு சொல்ல, அவங்க அழுதத பாத்து இவருக்கே மனசு கஷ்டமா போச்சுன்னு எழுதியிருக்காரு. இத படிச்சப்ப எனக்கு ஜப்பான் ஞாபகம் வரல. எங்க ஏரியாவுல மொத தலைமுறையா சபைக்கு வந்த ஒவ்வொரு வீட்லயும் இதே கேள்வி இருக்கு, பாட்டி நல்லவங்க, யாருக்கும் ஒரு பாவம் பண்ணாதவங்க, குழந்தை வேலப்பர் கோயிலுக்கு வெளக்கு போட்டே காலத்த ஓட்டுனவங்க, அவங்க எங்க இருக்காங்க? இத கேட்டா சில ஊழியக்காரங்க பட்டுன்னு பதில் சொல்லிருவாங்க, சிலர் ‘அது தேவன் கையில’ன்னு சொல்லிட்டு பேச்ச மாத்திருவாங்க. ரெண்டாவது ரகம் கோழைங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அதுலயும் ஒரு வேதசாஸ்திரம் இருக்கு.

பதிமூணாம் நூற்றாண்டுலயே தாமஸ் அக்வினாஸ் இத யோசிச்சிருக்காரு. காட்டுல மிருகங்களுக்கு நடுவுல வளந்த ஒருத்தன், யாரும் போய் எதுவும் சொல்லல, ஆனா மனசாட்சிப்படி நல்லத தேடி கெட்டத விட்டு வாழுறான்னா? கடவுள் அவனுக்கு உள்ளுக்குள்ளயே வெளிப்படுத்துவாரு, இல்லைன்னா கொர்நேலியுகிட்ட பேதுருவ அனுப்புன மாதிரி யாரையாவது அனுப்புவாருன்னாரு. பழனி மலைக் காட்டுல தேன் எடுத்துக்கிட்டு தலைமுறை தலைமுறையா இருந்த பளியர் ஜனங்கள வச்சுப் பாத்தா இது புஸ்தகக் கேள்வி இல்ல. அவங்களுக்கு யாராவது போய் சொல்ற வரைக்கும் வாழ்ந்து செத்த எத்தனையோ தலைமுறைய என்ன பண்றது?

கொடைக்கானல உண்டாக்குன அமெரிக்கக்காரங்க கதையிலயே இந்தக் கேள்வி பெரிய சண்டையா வெடிச்சிருக்கு, இது நம்ம ஊர்ல ரொம்ப பேருக்கு தெரியாது. அமெரிக்கன் போர்டுன்னு 1810-ல ஆரம்பிச்ச மிஷன், அவங்க ஆளுங்க யாழ்ப்பாணத்துல இருந்து 1834-ல மதுரைக்கு வந்தாங்க, கீழ காச்சலும் காலராவும் குடும்பம் குடும்பமா கொண்டு போக, 1845-ல மேல ஏறி மொத ரெண்டு பங்களா கட்டுனாங்க, அதுதான் இந்த ஊரோட ஆரம்பம். எதுக்கு இவ்வளவு உயிர குடுத்து வந்தாங்க? கேள்விப்படாம சாகுற ஒவ்வொருத்தனும் அழிஞ்சு போறான்னு அவங்க நெஜமாவே நம்புனாங்க, அதான். இப்ப 1886-க்கு வாங்க. அதே போர்டோட இன்னொரு மிஷன்ல, அகமத்நகர்ல வேலை செஞ்ச ராபர்ட் ஹ்யூம்னு ஒரு மிஷனரி லீவுல அமெரிக்கா போறாரு. அங்க ஆண்டோவர் செமினரின்னு போதகருங்க படிக்கிற கல்லூரி வாத்தியாருங்க சிலர், கிறிஸ்துவ பத்தி கேக்காமலே செத்தவங்களுக்கு சாவுக்கு அப்புறம் ஒரு வாய்ப்பு கெடைக்கலாம்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க. ஹ்யூம் அதுக்கு ஆதரவா பேசிட்டாரு, இந்தியாவுல முன்னோர்களுக்கு நரகம்னு சொல்லிக்கிட்டு சுவிசேஷம் சொல்றதுல உள்ள கஷ்டம் அவருக்குத்தான தெரியும். அவ்வளவுதான், திரும்ப இந்தியாவுக்கு அனுப்ப மாட்டோம்னு போர்டு நிறுத்தி வச்சிருச்சு. ‘இப்படி சொன்னா மிஷனுக்கு காசு யாரு குடுப்பா, யாரு வருவா’ன்னு ஒரு பக்கம், ‘இப்படி சொல்லலைன்னா கடவுள் நீதியுள்ளவருன்னு எப்படி சொல்றது’ன்னு ஒரு பக்கம், வருசக்கணக்குல சண்டை. ஹ்யூம கடைசியில திரும்ப அனுப்புனாங்க.

கத்தோலிக்கர் பக்கம் திருப்பம் இன்னும் வேடிக்கை. பாஸ்டன்ல லெனார்ட் ஃபீனின்னு ஒரு இயேசு சபை சாமியாரு, ‘கத்தோலிக்க சபையில இல்லாதவன் யாரும் மோட்சம் போக மாட்டான்’னு பழைய வார்த்தைய அப்படியே புடிச்சுக்கிட்டு தெருவுல பிரசங்கம் பண்ணாரு. 1949-ல ரோம் அவருக்கு எதிரா கடிதம் போட்டுச்சு, அறியாமையில இருக்குறவன் விசுவாசத்தோடயும் அன்போடயும் கடவுள் சித்தத்துக்கு ஒத்துப்போக நெனச்சா, சபையில சேரணும்னு அவன் மனசுக்குள்ள மறைஞ்சிருக்குற ஆசையையே கடவுள் ஏத்துக்குவாருன்னு, அப்பவும் கேக்கல, 1953-ல சபைய விட்டே நீக்கிட்டாங்க. சபைக்கு வெளியில ரட்சிப்பு இல்லைன்னு சொன்னவரே சபைக்கு வெளியில நின்னாரு, அப்புறம் 1972-ல திரும்ப சேத்துக்கிட்டாங்க. 1964-ல ரெண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவா எழுதிருச்சு: தன் தப்பு இல்லாம கிறிஸ்துவையும் சபையையும் அறியாதவங்க, நேர்மையான மனசோட கடவுள தேடி மனசாட்சிப்படி வாழ்ந்தா ரட்சிப்பு அடைய முடியும். ஆனா அதே ஏட்டுல கொஞ்சம் முன்னாடி, சபை அவசியம்னு தெரிஞ்சும் வேணும்னே வர மறுக்குறவன் ரட்சிக்கப்பட முடியாதுன்னும் இருக்கு, இத நிறைய பேரு படிக்கிறதில்ல. அவங்களும் கிறிஸ்து இல்லாம ரட்சிப்புன்னு சொல்லல. ரட்சிப்பு வந்தா அது கிறிஸ்துவாலதான், அந்த ஆளுக்கு அது தெரியாம இருக்கலாம், அவ்வளவுதான். கார்ல் ரானர்னு ஒரு ஜெர்மன் இறையியலாளர் அப்படிப்பட்டவங்கள ‘பெயரறியாக் கிறிஸ்தவர்கள்’னே சொன்னாரு. 2000-ல ரோம் மறுபடி ஒரு அறிக்கை விட்டு ரட்சகர் ஒருத்தர்தான்னு அழுத்தி சொன்னப்ப ‘வத்திக்கான் பல்டி அடிச்சிருச்சு’ன்னு பேசுனவங்க உண்டு, பல்டி இல்ல, அந்த மொத கேள்விக்கு பதில் எப்பவுமே மாறல.

ரானர் சொன்னது நம்ம ஆளுங்களுக்கு புதுசா தெரிஞ்சா ஆச்சரியம்தான், ஏன்னா சைவத்துல இது அதுக்கு எழுநூறு வருசம் முன்னாடியே இருக்கு. சிவஞான சித்தியார்ல அருணந்தி சிவாச்சாரியார் ‘யாதொரு தெய்வங் கொண்டீர் அத்தெய்வ மாகி யாங்கே மாதொரு பாகனார் தாம் வருவர்’ங்குறாரு. நீ எந்த சாமிய கும்புட்டாலும் அந்த சாமியா வந்து அருள் குடுக்குறது சிவன்தான். கேக்க தாராளமா இருக்கு, ஆனா யோசிச்சா இதுவும் ‘ஒரே வழி’தான், வர்றது மாதொரு பாகன் மட்டும்தான், அது கும்புடுறவனுக்கு தெரியாம இருக்கலாம். அதே நூலோட முதல் பகுதி முழுக்க மத்த மதங்கள வரிசையா நிறுத்தி மறுக்குறதுதான் வேலை. அதனால ‘நாங்க எல்லாத்தையும் ஏத்துக்குறோம், நீங்கதான் ஒண்ண மட்டும் புடிச்சுக்குறீங்க’ன்னு கிறிஸ்தவன பாத்து சொல்றது முழுசா சரியில்ல. தன் சாமி உண்மைன்னு நம்புறவன் எவனும் ஒரு எடத்துல கோடு போடத்தான் செய்றான், கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவன எப்படி நடத்துறாங்குறதுதான் வித்தியாசம்.

இந்த எடத்துல நான் மதிக்கிற ஆளு லெஸ்லி நியூபிகின். ஸ்காட்லாந்து சபை அனுப்பி 1936-ல வந்தவரு, காஞ்சிபுரத்துல நல்லா தமிழ் படிச்சவரு, 1947 செப்டம்பர் 27-ல சி.எஸ்.ஐ. உருவானப்ப மதுரை-ராமநாதபுரம் பேராயரானாரு, வயசு 37, கொடைக்கானல் சபைங்களும் அவர் பேராயத்துலதான். அவர் காஞ்சிபுரத்துல ராமகிருஷ்ண மடத்துக்கு வாரம் ஒரு சாயங்காலம் போயி சாமியாருங்களோட தரையில உக்காந்து உபநிஷத்தும் சுவிசேஷமும் படிப்பாராம். அங்க ஹால்ல பெரிய ஞானிங்க படத்துக்கு நடுவுல இயேசு படமும் இருக்கும், கிறிஸ்மஸ் அன்னைக்கு அதுக்கு பூஜை. வர்றவங்களுக்கு அது பெருந்தன்மை. இவருக்கு வேற மாதிரி பட்டுச்சு, பத்தோட பதினொண்ணா படத்துல மாட்டிட்டா அவர் சொன்ன எதுவும் யாரையும் தொந்தரவு பண்ணாதேன்னு. ஆனா அதே மனுசன் 1989-ல எழுதுன புஸ்தகத்துல, கிறிஸ்துவுல வெளிப்பட்டது மட்டுமே ஒப்பில்லாத உண்மைங்குறதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன், ஆனா கிறிஸ்தவன் இல்லாதவனுக்கு ரட்சிப்பே கெடையாதுன்னு நான் சொல்ல மாட்டேன், யாரு உள்ள யாரு வெளியன்னு தீர்ப்பு சொல்ற வேலை நமக்கு குடுக்கப்படலைங்குற மாதிரி வாதாடுறாரு. ரெண்டு கேள்வியையும் பிரிச்சு வச்சு பேசுனவரு. 1938-ல தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில நடந்த உலக மிஷனரி மாநாட்டுல டச்சுக்காரர் ஹெண்ட்ரிக் க்ரேமர் ஒரு பக்கம், நம்ம சென்னைக்காரங்க செஞ்சையா, சக்கரை மாதிரி ஆளுங்க ஒரு பக்கம்னு மோதுனதும் இதே விசயத்துலதான், இந்தியாவோட ஆன்மிகத்துல கடவுள் ஏற்கனவே வேலை செஞ்சிருக்காரா இல்லையான்னு.

பைபிள் மட்டும்தான் ஆதாரமாங்குறது இதோட ஒட்டுன விவகாரம். 1521-ல ஜெர்மனியில வோர்ம்ஸ்ங்குற ஊர்ல, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்த ஆரம்பிச்ச லூதர் வேதத்துல இருந்து காட்டுங்க, இல்லைன்னா மாத்திக்க மாட்டேன்னு நின்னாரு, அங்க இருந்து வந்ததுதான் சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே எல்லாருக்கும் பொதுவான பழக்கம், ‘வசனம் எங்க இருக்கு?’ கத்தோலிக்கருக்கு வேதமும் சபையோட பாரம்பரியமும் சேந்துதான் ஆதாரம், புஸ்தகக் கணக்கே வேற, அவங்களுக்கு 73, இவங்களுக்கு 66. புதிய ஏற்பாட்டுல இன்னைக்கு நம்ம கையில இருக்குற 27 புஸ்தகத்தையும் மிச்சம் மீதி இல்லாம வரிசையா சொன்ன முதல் பட்டியல் 367-ல அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியு எழுதுன ஈஸ்டர் கடிதம். அதுக்கு முன்னாடி முந்நூறு வருசம் சபை இருந்திருக்கு. இத சொன்னா சிலருக்கு கோவம் வரும், ஆனா வரலாறு இது, இதனால வேதம் பொய்னு ஆயிராது, வேதம் வானத்துல இருந்து அட்டை போட்டு விழலைன்னு மட்டும்தான் ஆகும். ஜெப வீட்டு பாஸ்டருக்கு இந்தப் பட்டியல் விவகாரம் முக்கியம் இல்ல. அவருக்கு வேதம் ஒரு எழுத்துகூட தப்பாத தேவ வார்த்தை. ஏன் நம்புறீங்கன்னு கேட்டா 2 தீமோத்தேயு 3:16 காட்டுவாரு, வேதத்த நம்புறதுக்கு வேதத்தையே காட்டுறீங்களேன்னு திருப்பிக் கேட்டா அவர்கிட்ட இருக்குற உண்மையான பதில் வரும்: நான் குடிகாரனா இருந்தேன், இந்த வார்த்தை என்னைய மாத்துச்சு. வாதமா பாத்தா இது சாட்சிதான், நிரூபணம் இல்ல. ஆனா அவர் பொண்டாட்டி புள்ளைங்களுக்கு அதுக்கு மேல நிரூபணம் தேவைப்படல.

ஜெப வீடுங்க இந்த மலையில இவ்வளவு வளர்ந்ததுக்கும் இதுல பதில் இருக்கு. எஸ்டேட்டு கூலி, கேரட்டு உருளைக்கெழங்கு வெல, சீசன் லாட்ஜ் வேலை, எதுவும் நிச்சயமில்லாத பொழப்பு. ‘கடவுள் கருணையுள்ளவரு, யார எப்படி ரட்சிப்பாருன்னு நமக்கு தெரியாது’ங்குற நிதானமான பேச்சு படிச்ச சபைக்கு சரி. நாளைக்கு என்ன ஆகுமோன்னு இருக்குறவனுக்கு ‘இன்னைக்கு நீ ரட்சிக்கப்பட்டுட்ட, உன் பேரு ஜீவபுஸ்தகத்துல இருக்கு’ன்னு தேதியோட ஒருத்தர் சொல்லும்போது அதோட பலமே வேற. சாட்சி சொல்லும்போது எல்லாரும் ரட்சிக்கப்பட்ட தேதிய சொல்வாங்க, கவனிச்சிருப்பீங்க. பைபிள்ல அதுக்கு ஆதாரம் ரோமர் 10:9, வாயினாலே அறிக்கையிட்டு இருதயத்துல விசுவாசிச்சா ரட்சிக்கப்படுவ. எளிமை, தெளிவு, சாமியாரு தேவையில்ல, ஜாதி தேவையில்ல.

ஜாதி தேவையில்லைன்னு சொன்னாலும் சர்டிஃபிகேட் விடாது. 1950-ல வந்த ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதிக்காரங்க கிறிஸ்தவங்களா மாறுனா எஸ்.சி. அந்தஸ்து போயிரும், தமிழ்நாட்டுல பி.சி. ஆயிருவாங்க. சீக்கியருக்கு 1956-லயும் பௌத்தருக்கு 1990-லயும் திருத்தி குடுத்தாங்க, கிறிஸ்தவங்களுக்கு இல்ல. பழங்குடிக்கு இந்தத் தடை கெடையாது, பளியர் ஒருத்தர் ஞானஸ்நானம் எடுத்தாலும் எஸ்.டி.தான். விளைவு என்னன்னா ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் கையத் தட்டி பாடுறவங்கள்ல பல பேரு சாதிச் சான்றிதழ்லயும் ஸ்கூல் சர்டிஃபிகேட்டுலயும் இந்து. வாயினாலே அறிக்கை பண்றவன்தான் ரட்சிக்கப்படுவான்னு கறாரா சொல்ற அதே பாஸ்டரு இத பத்தி வாய தொறக்குறதில்ல, தொறந்தா அந்தப் பையனோட காலேஜ் சீட்டு போகும்னு அவருக்கும் தெரியும். அவர குறை சொல்லல. கறாரான கொள்கைய வச்சிருக்குறவங்களும் ஆளுங்கள பாக்கும்போது நியூபிகின் மாதிரிதான் நடந்துக்குறாங்கன்னு சொல்றேன்.

கொள்கை வித்தியாசம் அப்பட்டமா தெரியிற எடம் கல்யாணம். பொண்ணு கிறிஸ்தவ வீடு, மாப்பிள்ளை இந்து, ரெண்டு பேரும் புடிவாதமா இருக்காங்கன்னு வைங்க. ஜெப வீட்டுல 2 கொரிந்தியர் 6:14-ஐ எடுத்து வைப்பாங்க, அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளோட பிணைக்கப்படாதிருங்கள்னு, ஒண்ணு பையன் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கணும் இல்லைன்னா பாஸ்டர் வர மாட்டாரு. பல சி.எஸ்.ஐ. சபைங்கள்ல வகுப்புக்கு வந்து ஞானஸ்நானம் எடுத்துட்டு வாப்பா, கல்யாண அறிவிப்பு ஓலைய ஆராதனையில வாசிப்போம்னு சொல்றதுதான் வழக்கம். ஆர்.சி.யில பையன் மதம் மாற வேண்டியதில்ல, ஆயர்கிட்ட விதிவிலக்கு வாங்கணும், பொண்ணு மட்டும் தன் விசுவாசத்த விட மாட்டேன், பொறக்குற புள்ளைங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்து வளர்க்க என்னால ஆனத செய்வேன்னு வாக்கு குடுக்கணும், அப்படி ஒரு வாக்கு குடுத்திருக்கான்னு பையனுக்கும் சொல்லிரணும். அவன் அங்க கையெழுத்து போட வேண்டியது எதுவும் இல்லைன்னு சொல்லிக்கிட்டுதான் கூட்டிட்டு போவாங்க, பங்குச் சாமியாரு அலுவலகத்துல திருமணத் தயாரிப்பு வகுப்பு ஃபார்ம நீட்டுறப்ப அவன் மொகத்த பாக்கணும்.